வால் வற்றிய மைலோ: சுங்கை சிப்புட்டில் ஓர் ஆப்பிரிக்கப் பல்லி – நிகழ்வு ஆய்வு

மைலோ ஒரு பெண் பல்லி. வயது இரண்டைத் தாண்டியிருக்கலாம். உடம்பெல்லாம் பழுப்பும் இளமஞ்சளும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். பெயர் வந்தது மைலோ பானம் போன்ற அந்த நிறத்தால்தான். ஆப்பிரிக்கக் கொழுப்புவால் பல்லி என்ற வகை. வளர்ப்பவர்கள் சுருக்கமாக ஃபேட் டெயில் என்பார்கள். இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில். அந்தக் குடும்பம் முன்பு தோட்டத்து லைன் வீட்டில் இருந்தது. பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது டவுனுக்குக் குடிவந்தார்கள். பல்லி மகனுடையது. கல்லூரியில் படிக்கிறான்.

இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வால் வற்றிக்கொண்டே போகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் மருத்துவன் இல்லை, இந்த வகைப் பல்லிகளை வளர்ப்பவன். இதே கோளாறை, இதே காரணத்தால், நம் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் இதைச் சற்று விவரமாக எழுதுகிறேன்.

பார்த்தபோது இருந்த நிலை

சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, மைலோவை அதில் இறக்கினோம். 41 கிராம். போன வருஷம் வாங்கியபோது கடைக்காரர் சீட்டில் எழுதிக் கொடுத்தது 57. இந்த வகையில் வளர்ந்த பல்லி பொதுவாக 45 முதல் 75 கிராம் வரை இருக்கும். ஆக, உடம்பில் கால் பங்குக்கு மேல் கரைந்திருக்கிறது.

வாலைப் பார்த்தாலே போதும், விஷயம் தெரிந்துவிடும். நன்றாக இருக்கும் ஃபேட் டெயிலின் வால் கழுத்தளவுக்குத் தடித்து நுனியில் கூம்பும். கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் அதுதான். கைக்கு வருமானம் இல்லாத மாதத்துக்கு அது கட்டி வைத்திருக்கும் சீட்டுப் பணம். மைலோவின் வாலில் தோல் தொளதொளவென்று மடிந்து கிடந்தது. எலும்புக் கணுக்கள் விரலில் தட்டுப்பட்டன.

வலது பின்னங்காலை விரல் நுனியில் ஏந்தி, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். நடுவிரலில் நகத்துக்குச் சற்றுக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். போன தடவை உரிந்த தோலின் மிச்சம், அதற்கு முந்தைய தடவையின் மிச்சத்தின் மேலேயே இன்னொரு சுற்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. வளையத்துக்கு இந்தப் பக்கம் விரல் சிவந்து உப்பியிருக்க, நகப்பக்கம் கருத்துப் போயிருந்தது. பக்கத்து இரண்டு விரல்களிலும் லேசான வளையங்கள். வீட்டில் யாரும் இதைக் கவனித்திருக்கவில்லை. குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவு சின்ன விரல்.

நல்ல சேதிகளும் இருந்தன. கண் தெளிவாக இருந்தது. தாடையை லேசாகத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாகவே இருந்தது. கால்சியம் போதாத பல்லிக்குத் தாடை வளைந்துகொடுக்கும். வயிற்றில் கட்டி இல்லை. அடிவயிற்றுத் தோல் வழியே முட்டை எதுவும் தெரியவில்லை. பெண் பல்லி ஆண் துணை இல்லாமலேயே கருவில்லாத முட்டைகளைச் சுமக்கும், அந்தச் சமயத்தில் தீனி குறைவது சகஜம். எனவே அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தீனியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்

முதலில் கொடுத்தது சில்வண்டு. பறவைக் கடையில் முராய் குருவிக்கும் அரோவானா மீனுக்கும் விற்கிறார்களே, அதே செங்கெரிக்தான். நன்றாகவே தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தது. "தெனமும் ஒரே சாப்பாடுன்னா நமக்கே சலிச்சுப் போகுது, அதுக்கு மட்டும் என்ன தம்பி?" என்றார் பையனின் அம்மா. இந்த நினைப்பு எல்லா வீட்டிலும் உண்டு.

சரி, மாற்றிப் பார்ப்போம் என்று மீல்வோர்ம் புழு வந்தது. நாலைந்தைத் தின்றது, மறுநாள் அவற்றைப் பாதி செரித்தபடியே கக்கிவிட்டது. அந்த வாந்தியைத் துடைத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். என் கணக்கில் மொத்த விவகாரத்திலும் முக்கியமான தடயம் அதுதான். அப்புறம் வேக்ஸ்வோர்ம். கொழுப்பு நிறைந்த புழு, பல்லிக்கு அது மிட்டாய். இரண்டு நாள் ஆசையாகத் தின்றது, பிறகு அதுவும் வேண்டாம் என்றது. யாரோ ஒரு காணொளியைக் காட்டியதில் வாழைப்பழக் கூழும், பாட்டியின் யோசனையில் அவித்த முட்டையும்கூடப் பெட்டிக்குள் போயிருக்கின்றன. பழக்கூழ் தின்பது கிரெஸ்டெட் கெக்கோ என்ற வேறு வகை. ஃபேட் டெயில் உயிருள்ள பூச்சியைத் தவிர எதையும் தீனியாக நினைக்காது.

கடைசியாகப் பையன் செம்பனை ஓரத்துப் புல்லில் வெட்டுக்கிளி பிடித்து வந்திருக்கிறான். நல்ல வேளை, மைலோ அதையும் தொடவில்லை. தோட்டத்து ஓரப் புல்லில் களைக்கொல்லி, பூச்சிமருந்து இரண்டும் விழும். பாராகுவாட் 2020 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, உண்மைதான். மற்ற மருந்துகள் இருக்கவே இருக்கின்றன. மருந்தில் நனைந்த பூச்சியைத் தின்றால் 50 கிராம் உடம்பு தாங்காது. மின்மினியையும் எப்போதும் கொடுக்கக் கூடாது. வட அமெரிக்க மின்மினி ஒன்றை விழுங்கி வளர்ப்பு ஓணான்கள் செத்தது பதிவாகியிருக்கிறது.

பாட்டிக்கு இந்தப் பல்லியிடம் வேறொரு குறை. பல்லி சொன்னால் பலிக்கும் என்று நம்புகிறவர் அவர். இதுவோ வாயே திறப்பதில்லை. மிரண்டால்தான் கிறீச் என்று ஒரு சத்தம் போடும்.

பெட்டிக்குள் என்ன வெயில்?

பெட்டி பையனின் அறையில், ஏசிக்கு நேர் கீழே இருந்தது. தரையில் சமையலறைக் காகிதம், ஒரு பிளாஸ்டிக் குகை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். மேல்மூடி முழுக்கக் கம்பிவலை. சூட்டுப்பாய் ஒன்று வாங்கும்போதே கூட வந்திருக்கிறது. அது அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பையனிடம் காரணம் கேட்டேன். "நம்ம ஊரு சூட்டுக்கு இதுக்கு எதுக்கு அண்ணே ஹீட்டர்? கரண்டு பில்லுதான் ஏறும்லா."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பிராணி, வெப்ப நாடு, சுங்கை சிப்புட்டில் மத்தியானம் 33 டிகிரி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கம்பி நுனியுள்ள வெப்பமானியைப் பெட்டித் தரையில் ஓர் இரவும் ஒரு பகலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரவு ஏசி ஓடும்போது தரை 22 டிகிரி. பகலில் பையன் கல்லூரிக்குப் போனபின் ஏசி நின்று, அறை பூட்டியிருக்க, பெட்டி முழுக்க 31. எந்த மூலையில் வைத்தாலும் அதே 31. அதாவது பல்லி விழித்து வேட்டையாட வேண்டிய இரவில் குளிர். குகைக்குள் ஒதுங்கித் தூங்க வேண்டிய பகலில் புழுக்கம். இரண்டு வேளையிலும் அதற்கு நகர்ந்து போக வேறு இடமே இல்லை.

பல்லி தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. தின்றதைச் செரிக்கச் சூடான தரையில் வயிற்றை வைத்துப் படுக்க வேண்டும். ஃபேட் டெயிலுக்கு அந்தத் தரை 32, 33 டிகிரி இருக்க வேண்டும். மறுபக்கம் 24 முதல் 27. எப்போது எங்கே படுப்பது என்பதை அதுவே முடிவு செய்யும். 22 டிகிரியில் செரிமானம் மந்தமாகிவிடும், விழுங்கிய புழு வயிற்றிலேயே அழுக ஆரம்பிக்கும். அப்போது உடம்பு இரண்டில் ஒன்றைச் செய்யும்: கக்கும், அல்லது அடுத்த வேளைத் தீனியை மறுக்கும். மைலோ இரண்டையும் செய்துவிட்டது. சலிப்பு என்று வீட்டில் நினைத்தது உண்மையில் பல்லி தன்னைக் காப்பாற்றிக்கொண்ட விதம்.

ஈரத்திலும் இதே கதைதான். செனகல் முதல் கேமரூன் வரை மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் உலர்காடுகளிலும் இவை வாழ்கின்றன. மேலே தரை காய்ந்து கிடந்தாலும் பகலெல்லாம் இவை பதுங்கும் வளை ஈரமாக இருக்கும், தோல் உரிப்பதும் அங்கேதான். பையன் படித்துவிட்டுச் செய்ததெல்லாம் லெப்பர்ட் கெக்கோவுக்கான குறிப்புகள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் காய்ந்த நிலத்துப் பல்லி அது. இரண்டும் ஒரே குடும்பம், பார்க்கவும் ஒரே சாயல். ஆனால் ஃபேட் டெயிலுக்குப் பெட்டியில் 50 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் தேவை, அதோடு எப்போதும் நனைந்த ஒரு மறைவிடமும் தேவை. மைலோவின் பெட்டியிலோ கம்பிவலை வழியே இரவு முழுக்க ஏசிக் காற்று இறங்கி, இருந்த கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மருத்துவரிடம் போனது

வெப்பத்தைச் சரிசெய்தால் போதும் என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. வால் வற்றும் பல்லியிடம் கட்டாயம் சந்தேகப்பட வேண்டிய நோய் ஒன்று உண்டு: கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. குடல் சுவரைக் கெடுத்துவிடும். தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் வால் குச்சியாகிவிடும். நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து இல்லை. மற்ற பல்லிகளுக்கும் எளிதில் தொற்றும். சாதாரண மலச் சோதனையில் தப்பிவிடும், தனிச் சாயம் ஏற்றியோ மரபணுச் சோதனை வைத்தோதான் பார்க்க வேண்டும்.

ஈப்போவில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். ஈரம் காயாத எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போகச் சொல்லியிருந்தேன். காய்ந்து போனதில் பெரிதாக எதுவும் தெரியாது. கிரிப்டோ இல்லை என்று வந்தது. ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாது, ஒட்டுண்ணி எல்லா நாளும் எச்சத்தில் வெளிவருவதில்லை என்று சொல்லி, சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அதிலும் இல்லை. ஊசிப்புழு முட்டைகள் மட்டும் கொஞ்சம் இருந்தன, அதற்கு எடை பார்த்து மருந்து கொடுத்தார். எவ்வளவு கொடுத்தார் என்று இங்கே எழுதமாட்டேன். 41 கிராம் உடம்புக்கான மருந்தை 57 கிராம் பல்லிக்குரிய கணக்கில் கொடுக்கும் விபரீதம் அப்படித்தான் நடக்கிறது.

விரல் வளையத்தை எடுக்க, முழங்கால்கூட முழுகாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்க வைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் விரல் நுனியை நோக்கி உருட்டினார்கள். இரண்டு விரல் தப்பியது. நடுவிரலின் நுனி ஏற்கெனவே செத்துவிட்டிருந்தது. சில நாளில் தானே உதிர்ந்தது. ஏ வைட்டமின் குறைந்தாலும் தோல் சரியாக உரியாது என்று சொல்லி, வைட்டமின் கலந்த பொடி ஒன்றையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

திரும்பத் தின்னவைத்தது

முதல் வேலை இடமாற்றம். ஏசி அறையிலிருந்து கூடத்து மூலைக்கு, கீழ்த்தட்டு ஒன்றில் பெட்டி வந்தது. கூடத்தில் மின்விசிறி ஓடும், ஜன்னல் திறந்திருக்கும், இரவில் 25, 26 டிகிரிக்கு இறங்கும். மேல்தட்டில் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். தகரக் கூரை, ஓட்டுக் கூரை வீடுகளில் மத்தியானம் மேலே வெக்கை தங்கும். குளிர்ந்த பக்கமே 30ஐத் தாண்டினால் அதுவும் ஆபத்து. அந்த மாதிரி நாளில் ஈரத் துணி சுற்றிய ஐஸ்கட்டிப் பாட்டிலைப் பெட்டிக்கு வெளியே குளிர்ந்த பக்கத்தில் சாய்த்து வைக்கிறார்கள்.

சூட்டுப்பாய் பெட்டிக்கு அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை மாட்டவே கூடாது, வயிறு வெந்துவிடும். அதன் உணர்கம்பியைப் பல்லி படுக்கும் தரையிலேயே ஒட்டினோம். அதன் மேல் ஒரு குகை. நடுவில், சூட்டுக்குப் பக்கமாக, மூடியில் ஓட்டை போட்ட மார்ஜரின் டப்பா; உள்ளே நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். குளிர்ந்த பக்கத்தில் இன்னொரு குகை. கம்பிவலையில் பாதியை மூடிவிட்டோம். மைலோ நார்த்தூள் டப்பாவுக்குள் போய் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

அந்த முதல் சில நாளில் தீனியே வைக்க வேண்டாம் என்றேன். பையனின் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. பட்டினி கிடந்ததை இன்னும் பட்டினி போடுவதா? ஆனால் உடம்பு சூடாகி, குடல் அசைய ஆரம்பிப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து திணித்தால் மறுபடி கக்கும், இருக்கிற தெம்பும் போகும். தண்ணீர் மட்டும் வைத்தார்கள். பிறகு சின்னச் சில்வண்டு இரண்டு. பல்லியின் இரண்டு கண்ணுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது என்பது பழைய விதி, நோயாளிக்கு அதிலும் பாதி போதும். பெட்டியில் விளக்கை அணைத்து, கூடத்தில் டிவியையும் அணைத்துவிட்டு வைத்தார்கள். ஒன்றைத் தின்றது. மறுநாள் கக்கவில்லை.

இனி பூச்சியைப் பற்றி. கடையிலிருந்து வரும் சில்வண்டு பெரும்பாலும் அரைப்பட்டினி. அதை அப்படியே கொடுப்பது வெறும் ஓட்டைத் தின்னக் கொடுப்பது. வாங்கி வந்ததை ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், நன்றாகத் தின்னவிட வேண்டும். இந்த வீட்டில் முருங்கைக்கீரையும் பூசணியும் போடுகிறார்கள்; கீரை கொல்லையிலேயே இருக்கிறது, கால்சியமும் அதிகம். பசலைக்கீரை வேண்டாம், அது கால்சியத்தைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சில்வண்டின் உடம்பில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு. அதைச் சமன் செய்யத்தான் கால்சியப் பொடி. ஒரு பிளாஸ்டிக் பையில் சிட்டிகைப் பொடி, அதில் சில்வண்டு, இரண்டு குலுக்கு. வெள்ளை பூசிக்கொண்டு வரும், உடனே கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் தன்னைச் சுத்தம் செய்துகொண்டுவிடும். இது இரவுப் பிராணி, வெயில் காய்வது குறைவு. அதனால் பொடியில் வைட்டமின் டி3 கலந்த வகையை வாரத்துக்கு ஒரு தடவை சேர்த்துக்கொள்கிறார்கள். அளவு மீறினால் டி3 விஷமாகும்.

தின்னாமல் விட்ட சில்வண்டைப் பெட்டியில் இரவு தங்கவிடக் கூடாது. பசித்தால் அது பல்லியின் விரலையும் கண்ணிமையையும் கடிக்கும். புண் விரலோடு இருக்கும் பல்லிக்கு இது சின்ன விஷயமில்லை.

எடை வாரம் ஒரு தடவை, அதே தராசில். முதல் இரண்டு வாரம் 41லேயே நின்றது, பிறகு 43, 46. இதை எழுதும்போது 54. வால் தடித்துவிட்டது, மடிப்பு போய்விட்டது. அடுத்த தோலை நார்த்தூள் டப்பாவுக்குள் முழுசாக உரித்து, வழக்கம்போல் அதைத் தானே தின்றும்விட்டது. மீல்வோர்மை மட்டும் இன்றுவரை தொடுவதில்லை. தொடவேண்டிய அவசியமும் இல்லை. சில்வண்டும், அவ்வப்போது டூபியா கரப்பானும், கருப்பு சிப்பாய் ஈயின் புழுவும் மாறி மாறிப் போகின்றன. வளர்ந்த பல்லி என்பதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் தீனி. குட்டியாக இருந்தால் தினமும் வேண்டும்.

கூடத்துக்கு வந்ததில் ஒரு புதுச் சிக்கல் உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சாயங்காலம் கொசுவத்தி, எறும்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் அங்கேதான். கொசு மருந்திலுள்ள பைரெத்ராய்டு ஊர்வனவற்றுக்கும் ஆகாது, சில்வண்டை மொத்தமாகக் கொன்றுவிடும். கொசுவத்தி வாசலுக்குப் போனது. சாம்பிராணி நேரத்தில் பையன் பெட்டியை அறைக்குள் தூக்கி வைத்துவிடுகிறான். டிங்கிக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பல்லியையும் சில்வண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டே வெளியேறி, வாடை போனபின், தரையைத் துடைத்தபின்தான் உள்ளே வர வேண்டும். பெட்டி மூடியில் சந்து இருந்தால் சுவரில் திரியும் சிச்சாக் (வீட்டுப்பல்லி) உள்ளே வரும், ஒட்டுண்ணியையும் கொண்டு வரும். அந்தச் சந்துகளை அடைத்தாயிற்று.

தைப்பூசத்துக்குக் குடும்பம் நாலு நாள் பினாங்கு போகிறது, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கும், தீனிக்கு என்ன செய்வது என்று போன வாரம் கேட்டார்கள். தீனியே வேண்டாம். வால் தடித்த, வளர்ந்த பல்லிக்கு நாலு நாள் ஒன்றும் ஆகாது. பழக்கமில்லாதவர் பெட்டியில் பூச்சியைக் கொட்டி விட்டுப் போவதுதான் ஆபத்து. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கடைசித் தீனி. அக்கா தினமும் ஒரு தடவை வந்து தண்ணீரை மாற்றி, நார்த்தூளில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, தெர்மோஸ்டாட்டில் என்ன எண் காட்டுகிறது என்று பார்த்துப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். 30க்குக் கீழே இருந்தால் சூட்டுப்பாயின் பிளக் கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம். 35ஐத் தாண்டியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எனக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம்.